பெய்ஜிங் போனவர்களின் இரண்டு கவலைகள்: கரண்டும் காற்றும்

வேலைக்காக வெளிநாடு போகிறவர்களின் பெட்டியில் துணிமணிகளுக்கு அடுத்து இடம் பிடிப்பவை மின்சாதனங்கள்தான். லேப்டாப், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் என்று பட்டியல் நீளும். அங்கே போய் சொருகினால் இவை வேலை செய்யுமா என்பது புறப்படும் முன் எழுகிற பழைய கேள்வி. 2000க்குப் பிறகு சீனத் தலைநகர் பெய்ஜிங்கிற்குக் குடிபோனவர்களுக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. அங்கே நிம்மதியாக மூச்சு விட முடியுமா? இரண்டும் சம்பந்தமில்லாத விஷயங்கள் போலத் தோன்றும். ஆனால் பெய்ஜிங்கில் இவை ஒரே அறைக்குள், சில சமயம் ஒரே கருவிக்குள் வந்து சேர்ந்தன.

முதலில் கரண்ட். 1882ஆம் ஆண்டு எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியபோது அவர் கொடுத்த மின்சாரம் ஏறத்தாழ 110 வோல்ட். அன்றைய கார்பன் இழை பல்புகளுக்கு அதுவே ஏற்றதாக இருந்தது. (அதே 1882இல் சீனாவின் ஷாங்காய் நகரிலும் மின்விளக்கு எரிந்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி!) 1899இல் பெர்லின் மின் நிறுவனம் 220 வோல்ட்டுக்கு மாற முடிவு செய்தது. வோல்ட் கூடினால் அதே செம்புக் கம்பியில் அதிக மின்சாரம் அனுப்பலாம். வாடிக்கையாளர்களின் சாதனங்களை மாற்றித் தர ஆன செலவு, கம்பியில் மிச்சமான பணத்தில் ஈடுகட்டப்பட்டது. ஐரோப்பா முழுவதும் மெல்ல மெல்ல இந்த வழிக்கு வந்தது. அமெரிக்கா பழைய வழியிலேயே நின்றுவிட்டது. இன்று அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சீனாவில் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்தியாவில் 230 வோல்ட், அதே 50 ஹெர்ட்ஸ்.

எனவே சென்னையிலிருந்து பெய்ஜிங் போகிறவருக்கு பிளக்கின் வடிவம் மட்டும்தான் தொல்லை. நம் வீடுகளில் உள்ள உருண்டைக் கால் மூன்று முள் பிளக் ஆங்கிலேயர் விட்டுச் சென்றது. 1947இல் தொடங்கி பிரிட்டன் சதுரக் கால் பிளக்குக்கு மாறிவிட்டது. நாம் மாறவில்லை. சீனாவின் மூன்று முள் சாக்கெட்டோ ஆஸ்திரேலியாவில் இருப்பதைப் போலத் தட்டையாகவும் சாய்வாகவும் இருக்கும். ஒரு சின்ன அடாப்டர் வாங்கினால் போதும்.

அமெரிக்கர் பாடு அப்படி இல்லை. 120 வோல்ட்டுக்கென்று செய்த ஹேர் டிரையரை 220 வோல்ட்டில் சொருகினால் மூன்று மடங்குக்கும் மேலான மின்திறன் அதில் பாயும். சில நொடிகளில் கருகல் வாசனை வந்துவிடும். லேப்டாப், செல்போன் சார்ஜர்களில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அவற்றுக்குப் பயமில்லை. மற்றவற்றுக்குக் கனமான டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் வாங்கினாலும் சிக்கல் முழுதாகத் தீராது. அது வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடுகிற பழைய மேசைக் கடிகாரம் 50 ஹெர்ட்ஸ் ஊரில் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். சாதாரண ஏசி மோட்டார் உள்ள மின்விசிறியும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். கடிகாரம் தாமதமானால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்த மோட்டார் காற்று சுத்திகரிக்கும் கருவிக்குள் இருந்தால்? அமெரிக்காவிலிருந்து அதிக விலை கொடுத்துச் சுமந்து வந்த கருவி, தேவையான ஊரில் குறைவான சுத்தக் காற்றைத்தான் தரும்.

அந்தக் கருவி ஏன் தேவைப்பட்டது? அதற்கும் ஒரு பழைய முடிவுதான் காரணம். 1950களில் சீன அரசு குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க ஏற்பாடு செய்தது. நாடு முழுவதற்கும் செய்ய வசதி இல்லை. எனவே ஹுவாய் ஆறும் சின்லிங் மலைத்தொடரும் எல்லையாகக் கொள்ளப்பட்டன. கோட்டுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு நிலக்கரிக் கொதிகலன்கள் மூலம் இலவசமாகவோ சலுகை விலையிலோ சூடு கிடைத்தது. தெற்கே இருப்பவர்கள் போர்வைக்குள் நடுங்க வேண்டியதுதான். பெய்ஜிங் வடக்கில் இருக்கிறது. நவம்பர் நடுவில் தொடங்கி மார்ச் நடுவரை கொதிகலன்கள் எரியும். நகரின் வடக்கிலும் மேற்கிலும் மலைகள் இருப்பதால் காற்று அசையாத நாட்களில் புகை வெளியேற வழியின்றித் தேங்கும்.

இரக்கத்தோடு போட்ட கோடு என்ன செய்தது என்பதை 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கோட்டுக்கு வடக்கே வாழ்ந்தவர்களின் ஆயுள் தெற்கே இருப்பவர்களைவிட ஐந்தரை ஆண்டு குறைவு என்றது அது. 2017இல் புதிய தரவுகளோடு செய்த மறு ஆய்வில் இது 3.1 ஆண்டு என்று வந்தது. எண்ணைப் பற்றி வாதம் செய்யலாம். ஆனால் குளிரைத் தடுத்த அதே அடுப்பு மூச்சைக் குறைத்தது என்பதில் சந்தேகமில்லை.

பல ஆண்டுகள் பெய்ஜிங் நகராட்சி தினமும் காற்றின் தரத்தை அறிவித்துத்தான் வந்தது. ஆனால் பிஎம் 10 எனப்படும் பெரிய துகள்களே கணக்கில் வந்தன. நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய, 2.5 மைக்ரானுக்கும் சிறிய பிஎம் 2.5 துகள்கள் வரவில்லை. 2008 ஒலிம்பிக் நடந்த அதே ஆண்டில் அமெரிக்கத் தூதரகம் தன் வளாகத்தில் பிஎம் 2.5 அளக்கும் கருவி ஒன்றை வைத்தது. நோக்கம் மிகச் சாதாரணமானது. அங்கே குடும்பத்தோடு வந்து வேலை பார்க்கும் ஊழியர்கள் அன்று குழந்தையை விளையாட வெளியே விடலாமா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் ஒரு அலுவலக விதி வரலாற்றை மாற்றியது. தன் ஊழியர்களுக்குத் தெரிந்த ஆபத்தை அந்த ஊரில் உள்ள மற்ற அமெரிக்கர்களிடம் தூதரகம் மறைக்கக்கூடாது என்பது அந்நாட்டு வெளியுறவுத் துறையின் விதி. எனவே அளவுகள் மணிக்கு ஒருமுறை ட்விட்டரில் வெளியாயின. அமெரிக்கர்களுக்கு என்று எழுதியதைச் சீனர்களும் படித்தார்கள். சீனாவில் ட்விட்டர் தடுக்கப்பட்ட பிறகும் எண்கள் வேறு வழிகளில் நகரத்துக்குள் பரவின. நகராட்சி "லேசான மாசு" என்று சொன்ன நாளில் தூதரகம் "அபாயம்" என்றது. 2010 நவம்பரில் அளவு 500ஐத் தாண்டியபோது அதற்கு மேல் அட்டவணையே இல்லை. யாரோ விளையாட்டாக நிரலில் எழுதி வைத்திருந்த "படுமோசம்" என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் அப்படியே வெளியாகிவிட்டன! தூதரகம் அவசரமாக அதை நீக்கியது. ஆனால் ஊர் அதற்குள் படித்துவிட்டது. 2012 ஜூனில் சீனச் சுற்றுச்சூழல் துணை அமைச்சர், தூதரகங்கள் இப்படி வெளியிடுவதை நிறுத்த வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். தூதரகம் நிறுத்தவில்லை.

2013 ஜனவரி 12 இரவு அந்தக் கருவி காட்டிய பிஎம் 2.5 அளவு, கனமீட்டருக்கு 886 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் அப்போது ஒரு நாளுக்கு வைத்திருந்த வரம்பு 25.

அதன் பிறகு காற்று சுத்திகரிப்புக் கருவி ஆடம்பரப் பொருளாக இல்லாமல் பாத்திரம் பண்டம் போல அவசியமாகிவிட்டது. அதற்குள் இருக்கும் ஹெப்பா வடிகட்டி, 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க உருவானது. அணு ஆய்வுக்கூடத்துக் காகிதம் படுக்கையறைக்கு வந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் ஊழியர்களை அனுப்பத் திணறின. 2014இல் ஜப்பானின் பானாசோனிக் நிறுவனம் சீனாவுக்குப் போகும் தன் ஊழியர்களுக்குக் காற்று மாசுக்காகத் தனிப் படி தருவதாக அறிவித்தது. உள்ளூர்ச் சீனத் தொழிலாளிக்கு அந்தப் படி கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே காற்று, இரண்டு சம்பளம்! பெய்ஜிங்கில் இருந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் சாதாரண மின்விசிறியில் ஹெப்பா வடிகட்டியைக் கட்டி, விலை உயர்ந்த கருவி செய்யும் வேலையைச் சொற்பச் செலவில் செய்யலாம் என்று அளந்து காட்டினார். 2014 டிசம்பரில் ஷியோமி நிறுவனம் 899 யுவானுக்கு ஒரு கருவியை விற்கத் தொடங்கியது. 220 வோல்ட்டுக்கே செய்தது என்பதால் டிரான்ஸ்பார்மர் தேவையில்லை, விசிறி மெதுவாகும் பயமும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு "ஊரிலிருந்து சுமக்காதே, இங்கேயே வாங்கு" என்பதே நல்ல அறிவுரை ஆயிற்று.

காற்று மனிதரை மட்டும் பாதிக்கவில்லை. 2006இல் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடை செய்தபின் சர்க்யூட் பலகைகள் பலவற்றில் வெள்ளிப் பூச்சு வந்தது. நிலக்கரிப் புகையில் கலந்திருக்கும் கந்தகத்துக்கு வெள்ளியும் செம்பும் எளிதில் இரையாகும். சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வழக்கத்துக்கு மீறிய எண்ணிக்கையில் பழுதான கணினிகள் திரும்பி வந்ததை ஆராய்ந்த இன்டெல் நிறுவனம், காற்றில் இருந்த கந்தகம் மதர்போர்டை அரித்திருந்ததைக் கண்டது. பிளக் சரியாக இருந்தும் கருவி செத்ததன் காரணம் சாக்கெட்டில் இல்லை, ஜன்னலில் இருந்தது.

2013 செப்டம்பரில் சீன அரசு காற்று மாசுத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. 2017இல் பெய்ஜிங்கின் கடைசிப் பெரிய நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. நகரின் ஆண்டுச் சராசரி பிஎம் 2.5 அளவு 2013இல் 89.5 ஆக இருந்தது, 2024இல் 30.5 ஆகக் குறைந்தது. ஒரு கருவியால் மட்டும் இது நடந்ததாகச் சொல்வது மிகை. ஆனால் மறைக்க முடியாத ஓர் எண் இல்லாமல் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

பெய்ஜிங் வெற்றிக்குப் பின் சென்னை, டெல்லி உட்படப் பல நகரங்களின் அமெரிக்கத் தூதரகங்களிலும் துணைத் தூதரகங்களிலும் இத்தகைய கருவிகள் வைக்கப்பட்டன. கருவி வைத்த நகரங்களில் மாசு ஓரளவு குறைந்ததாக 2022இல் ஓர் ஆய்வு கூறியது. 2025 மார்ச்சில் நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அமெரிக்கா அந்த அளவுகளை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. பெய்ஜிங்வாசிகளுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. அவர்களுடைய நகராட்சியே இப்போது பிஎம் 2.5 அளவை மணிக்கு மணி சொல்கிறது. வேறு கருவியே இல்லாத ஊர்களுக்குக் குடிபோகிறவர்கள் பிளக் அடாப்டரோடு காற்றை அளக்கும் சிறு கருவியையும் தாங்களே பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.