மீளும் விசை: மரவேலை இயந்திரங்களில் வில் ஆற்றிய பணி

முன்னும் பின்னும் இயங்கி மரத்தை வெட்டும் கருவி எதுவாயினும் அதற்கு இரண்டு பயணங்கள் உண்டு. ஒன்று, மரத்தை வெட்டிக்கொண்டு செல்லும் பயணம். மற்றொன்று, அடுத்த வெட்டுக்காகப் புறப்பட்ட இடத்துக்கே மீளும் பயணம். முதற்பயணம் நம் கண்ணைக் கவர்கிறது. இரண்டாவதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆயினும் அந்த மீட்சியை யார் செய்வது, எந்த ஆற்றலால் செய்வது என்னும் வினாவுக்குத் தச்சர்களும் பொறியாளர்களும் பல நூற்றாண்டுகளாக விடை தேடி வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடைகளுள் மிக எளியதும் நீண்ட காலம் நிலைத்ததும் வில் ஆகும். அந்த வில்லின் வரலாற்றையே இங்கு ஆராய்கிறோம்.

வளைந்த கழியும் கடைசலும்

ஐரோப்பாவில் இடைக்காலத்தில் பரவலாக வழங்கிய கடைசல் பொறியிலிருந்து தொடங்குவோம். நீண்டு வளையும் கழி ஒன்றின் அடியைப் பொறிக்கு மேலே இறுகக் கட்டுவார்கள். அதன் நுனியிலிருந்து ஒரு கயிறு இறங்கி, கடைய வேண்டிய மரத்துண்டை ஒரு சுற்றுச் சுற்றி, கீழேயுள்ள மிதிகட்டையில் முடியும். காலால் மிதித்தால் மரம் தொழிலாளியை நோக்கிச் சுழலும். அப்போது உளி வெட்டும். மேலே கழி வில்லாக வளைந்திருக்கும். காலை எடுத்தவுடன் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்கும். மரம் எதிர்த்திசையில் சுழலும். அந்தச் சுழற்சியில் உளி வெட்டாது. தொழிலாளி அதைச் சற்றே விலக்கிக்கொள்வார். ஆகவே உழைப்பு நேரத்தின் ஒரு பகுதி வெட்டுக்கும், மற்றொரு பகுதி மீட்சிக்கும் சென்றது.

தமிழுக்கும் இந்த இயக்கம் புதிதன்று. தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் நாம் ஒரே வினைச்சொல்லை வழங்குகிறோம். இரண்டிலும் கயிறு ஒரு தண்டைச் சுற்றி நிற்கிறது. ஒரு முறை இப்பக்கமும் மறுமுறை அப்பக்கமும் இழுபடுகிறது. மத்தைக் கடையும்போது மீட்சியை மற்றொரு கை செய்கிறது. கழிக் கடைசலில் அந்தக் கையின் பணியை வளைந்த கழி ஏற்றுக்கொண்டது. இதனால் தொழிலாளியின் இரு கைகளும் உளியைப் பிடிக்க விடுபட்டன.

ஒன்னெக்கூர் வில்லாரின் ஓவியம்

கழியின் ஆற்றலை ஆலைக்கும் கொண்டுசெல்லலாம் என்பதற்குச் சான்று 13ஆம் நூற்றாண்டிலேயே கிடைக்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஒன்னெக்கூர் வில்லார் வரைந்த ஓவியக் குறிப்பேடு இன்றும் பாரிசிலுள்ள பிரெஞ்சுத் தேசிய நூலகத்தில் உள்ளது. அதன் ஒரு பக்கத்தில் நீரால் இயங்கும் ரம்பம் ஒன்றின் படம் காணப்படுகிறது. நீர்ச்சக்கரத்தின் அச்சில் உள்ள முட்டுக்கட்டைகள் நெம்புகளைத் தள்ள, ரம்பம் கீழே இழுபடுகிறது. முட்டுக்கட்டை விலகியதும், மேலே வளைந்திருந்த கழி நிமிர்ந்து ரம்பத்தை மீண்டும் தூக்குகிறது. அதே அச்சிலுள்ள பற்சக்கரம் மரத்தை ரம்பத்தை நோக்கி நகர்த்துகிறது. வெட்டுதல், நகர்த்துதல் என்னும் இரண்டு இயக்கங்களையும் மனிதக் கையின் உதவியின்றிச் செய்யும் பொறியின் மிகப் பழைய படங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதனை மதிக்கின்றனர்.

இங்கே ஒரு செய்தியைக் கருத்திற்கொள்ள வேண்டும். சுழற்சியை முன்பின் இயக்கமாக மாற்றும் வளைதண்டை அதற்கு முன்பே சிலர் அறிந்திருந்தனர். இன்றைய துருக்கியிலுள்ள ஏராப்பொலிசு நகரில் கிடைத்த 3ஆம் நூற்றாண்டுச் சிற்பம், கல்லறுக்கும் நீராலை ஒன்றில் அது பயன்பட்டதைக் காட்டுகிறது. வளைதண்டு இரு திசையிலும் தானே இழுத்துத் தள்ளும். அதற்கு வில் தேவையில்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் லியனார்டோ டாவின்சியும் வளைதண்டும் கனத்த சக்கரமும் பூட்டிய மிதிகடைசல் ஒன்றை வரைந்தார். அதில் மரம் ஒரே திசையில் இடைவிடாமல் சுழலும்.

அப்படியிருந்தும் கழி மறையவில்லை. இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுப்பகுதிக் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்த தொழிலாளர்கள் 20ஆம் நூற்றாண்டிலும் கழிக் கடைசலையே கையாண்டனர். காரணம் எளிது. கனத்த சக்கரத்தைக் காட்டுக்குள் சுமந்து செல்ல வேண்டும். கழியையோ வேலை செய்யும் இடத்திலேயே வெட்டிக்கொள்ளலாம். சிறந்த பொறி எது என்பதை அது பயன்படும் இடமும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

ஊக்கின் விதி

வில்லின் இயல்பை அளந்து கூறியவர் இங்கிலாந்து அறிவியலாளர் இராபர்ட் ஊக். 1678இல் வெளியிட்ட நூலில், ஒரு வில் எவ்வளவு நீள்கிறதோ அந்த அளவுக்கு அதன் இழுவிசையும் கூடும் என்று அவர் நிறுவினார். அந்நூலின் இலத்தீன் தலைப்பு மீட்கும் ஆற்றலைக் குறிக்கிறது. தமிழில் இப்பண்பை 'மீள்தன்மை' என்றும் 'மீட்சி' என்றும் வழங்குகிறோம். திரும்புதலைக் குறிக்கும் 'மீள்' என்னும் அடியே இவ்விரு சொற்களிலும் உள்ளது. வில்லின் உட்பொருள் திரும்பி வருதலே என்பதை இச்சொற்கள் தெளிவாக உணர்த்துகின்றன.

ஊக்கின் விதி பொறியாளருக்கு ஒரு சிக்கலையும் தருகிறது. நெடுந்தொலைவு ஓடும் வண்டி ஒன்றைச் சாதாரணச் சுருள்வில்லால் இழுத்தால், வண்டி கடைக்கோடியில் நிற்கும்போது இழுவிசை மிகுந்தும், அருகில் வரும்போது குறைந்தும் இருக்கும். கப்பியில் தொங்கும் எடைக்கல்லோ எங்கும் ஒரே அளவில் இழுக்கும். ஆனால் அதற்கு இடம் வேண்டும். இதற்கு இடைப்பட்ட தீர்வு, மெல்லிய எஃகுப் பட்டையைப் பல சுற்றுகள் சுற்றி உருளைக்குள் அடைத்த வில்லாகும். முன்னரே பல சுற்றுகள் முறுக்கேற்றி வைப்பதால், வண்டி ஓடும்போது கூடும் சில சுற்றுகள் இழுவிசையைப் பெரிதாக மாற்றுவதில்லை. பள்ளிப் பட்டறையிலுள்ள துளையிடும் இயந்திரத்தின் கைப்பிடியை மெல்லத் தளர்த்தினால் துளைக்கருவி தானே மேலேறுவதை மாணவர்கள் கண்டிருப்பர். பல இயந்திரங்களில் அதைத் தூக்குவது பக்கவாட்டுக் குமிழுக்குள் சுருண்டிருக்கும் இத்தகைய பட்டைவில்லே.

உழைப்பிலிருந்து பாதுகாப்புக்கு

1922இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரேமண்ட் டிவால்ட் என்பவர் புதுவகை ரம்பம் ஒன்றை உருவாக்கினார். 1924இல் அதனைத் தயாரிக்கப் பென்சில்வேனியாவில் நிறுவனமும் தொடங்கினார். இன்று 'ரேடியல் ஆர்ம்' ரம்பம் என அழைக்கப்படும் அதில், மேசைக்கு மேலே கைபோல் நீண்ட ஓர் இரும்புச் சட்டம் உண்டு. மோட்டாரும் வட்ட ரம்பமும் அச்சட்டத்தில் உருளைகளால் ஓடும் வண்டியில் தொங்கும். மரம் அசையாமல் கிடக்க, தொழிலாளி வண்டியைத் தம்மை நோக்கி இழுத்து அறுப்பார்.

இங்கே மீட்சியின் பொருள் மாறிவிடுகிறது. ரம்பம் சுழலும் திசையால் பற்கள் மரத்தைக் கவ்வி, வண்டியைத் தொழிலாளியின் பக்கம் தாமாகவே இழுக்க முனைகின்றன. அறுத்து முடிந்தபின் வண்டி முன்புறத்திலேயே நின்றுவிட்டால், சுழலும் ரம்பம் மேசையின் மேல் திறந்து கிடக்கும். அறுந்த துண்டை எடுக்கத் தொழிலாளி கையை நீட்டுவது அப்போதுதான். கழிக் கடைசலில் மீட்சி தவறினால் வேலை தடைப்படும். இங்கே தவறினால் விரல் போகும்.

ஆகவேதான் 1970ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மரவேலை விதிகள் இதனைத் தனியே குறிப்பிடுகின்றன. இயந்திரத்தின் முன்புறம் பின்புறத்தைவிடச் சற்றே உயர்ந்திருக்க வேண்டும்; தொழிலாளி கையை விட்டதும் ரம்பம் மெதுவாகத் தொடக்க இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. சரிவுடன் பட்டைவில்லையோ எடைக்கல்லையோ சேர்ப்பதும் உண்டு. வில் பின்னோக்கி இழுப்பதால், ரம்பம் தொழிலாளியின் மீது பாயும் வேகமும் தணிகிறது.

'மெதுவாக' என்னும் சொல்லில் அனுபவம் பொதிந்துள்ளது. வில் மிகைவலிவுடன் இழுத்தால், வண்டி பின்தடுப்பில் மோதி மீண்டும் முன்னே துள்ளி வரும். வில் தளர்ந்தாலோ, பாதையில் மரத்தூள் அடைந்தாலோ, வண்டி நடுவழியில் நின்றுவிடும். எனவே வில்லைப் பொருத்துவதோடு பணி முடிவதில்லை. அதன் முறுக்கை அளவாக வைப்பதும், பாதையைத் தூய்மையாக வைப்பதும், அவ்வப்போது சோதிப்பதும் தேவை.

காட்டில் வெட்டிய கழியும் உருளைக்குள் சுருண்ட எஃகுப் பட்டையும் ஒரே பணியைச் செய்கின்றன. முன்னது மனிதக் கைக்கு ஓய்வு தந்தது. பின்னது அந்தக் கையைக் காக்கிறது. பட்டறையில் மாணவருக்கு ஓர் இயந்திரத்தை அறிமுகம் செய்யும் ஆசிரியர், அது எப்படி வெட்டுகிறது என்பதை விளக்கியதோடு நில்லாமல், கையை எடுத்தால் அது எங்கே செல்கிறது, எதனால் செல்கிறது என்றும் கேட்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு வண்டியை இழுத்து விட்டுப் பார்த்தால், விடையை மாணவர்களே கண்டுகொள்வர்.