துறைமுகம் இருந்தும் வர்த்தகம் வராதது ஏன்?

பாலமுனைக்கு அயலிலுள்ள ஒலுவிலில் 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் துறைமுகம் ஒன்று திறந்து வைக்கப்பட்டது. 1990களில் துறைமுகங்கள் அமைச்சராக விளங்கிய மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் கனவாகப் பேசப்பட்டு, 2008ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கடனுதவியுடன் ஆரம்பிக்கப்பட்ட அத்துறைமுகம் இக்கரையோரத்தின் வர்த்தகத்தைத் தழைக்கச் செய்யும் என நாமனைவரும் எதிர்பார்த்தோம். நடந்ததோ வேறு. துறைமுக வாயிலை மணல் மூடியது. எதிர்பார்த்த வர்த்தகக் கப்பல்கள் வரவில்லை. அயலிலே கரை அரிக்கப்பட்டுத் தென்னை மரங்கள் கடலுக்குள் சாய்ந்தன.

மணலை அகற்றுமாறு மீனவர் கேட்டனர். முதலில் அரிப்பைத் தடுக்குமாறு காணியிழந்தோர் கேட்டனர். இரண்டும் நியாயமான கோரிக்கைகளே. ஆனால் துறைமுகம் ஓர் அதிகார சபைக்குரியது, கடற்றொழில் ஓர் அமைச்சுக்குரியது, கரையோரம் ஒரு திணைக்களத்துக்குரியது, காணி பிரதேச செயலகத்துக்குரியது. இவற்றையெல்லாம் ஒரே மேசையில் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் இடம் எது என்பதே தெளிவில்லாதிருந்தது. கல்லும் சீமெந்தும் போதாது என்பதற்கு இதைவிட அண்மையிலுள்ள உதாரணத்தை நாம் தேடவேண்டியதில்லை.

போதாமற்போனது எது? 1993ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டக்ளஸ் நோர்த் அதனை ‘நிறுவனங்கள்’ என்றார். கம்பனிகளையோ அலுவலகக் கட்டடங்களையோ அவர் கருதவில்லை. மனிதர் ஒருவரோடொருவர் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கான விதிகளையே கருதினார். சட்டம், நீதிமன்றம், காணிப்பதிவு, வங்கி நடைமுறை ஆகியவற்றுடன் ஊர் வழக்கமும் வாக்கு நாணயமும் அதனுள் அடங்கும். நிறுவனங்கள் எவ்வாறு உருவாகி நாடுகளின் செழிப்பைத் தீர்மானிக்கின்றன என்ற ஆய்வுக்கே 2024ஆம் ஆண்டின் பரிசும் வழங்கப்பட்டது.

வாக்கு நாணயத்தில் எமது ஊர்கள் வறுமைப்பட்டவையல்ல. விதைப்புக் காலத்தில் கடைக்காரர் உரத்தைக் கடனாகக் கொடுப்பார்; அறுவடையில் விவசாயி தீர்ப்பார். கொப்பியிலுள்ள ஒரு வரியே அங்கு ஒப்பந்தம். (கடனை எழுதிச் சாட்சி வைக்குமாறு அல்குர்ஆன் மிக நீண்ட வசனத்திலேயே பணித்திருக்க, எம்மவரிற் பலர் அந்த வரியைக்கூட எழுதுவதில்லை என்பது வேறு விடயம்.) ஆனால் இத்தகைய நம்பிக்கை அறிந்தவர்களுக்கிடையில் மாத்திரமே செல்லுபடியாகும். பாலமுனையிலுள்ள ஒருவர் கொழும்பு மொத்த வியாபாரியிடமோ வங்கியிடமோ செல்லும்போது அவரது நாணயத்துக்குப் பெறுமதி இல்லை, பத்திரத்துக்கே பெறுமதி.

பத்திரம் என்றதும் காணிப் பிரச்சினை எழுகின்றது. இலங்கையின் நிலத்தில் பெரும்பகுதி அரசுக்குரியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர் பல தசாப்தங்களாக அக்காணியில் பயிரிட்டு வந்தாலும், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனை விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. ஏழை விவசாயி தன் காணியை வட்டிக்காரரிடம் இழந்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கிலேயே அத்தடை இடப்பட்டது. இன்று அதுவே அவரை வங்கிக்கு வெளியே நிறுத்துகின்றது. பெரு நாட்டின் ஹெர்னாண்டோ டி சோட்டோ இத்தகைய சொத்துக்களை இறந்த மூலதனம் என்றழைத்தார். உறுதி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற அவரது நம்பிக்கையை நாம் முழுமையாக ஏற்கவில்லை. கடன் சுமையில் அந்த உறுதியே பறிபோகும் ஆபத்தும் உண்டு. எனினும், சம்மதம் கேட்டு விண்ணப்பித்தவருக்கு எத்தனை நாட்களில் பதில் கிடைக்கும் என்பதாவது நிச்சயமாக இருக்க வேண்டாமா?

அச்சட்டம் ஊர் வழக்கத்துடனும் முரண்பட்டது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடும் வளவும் மகளுக்குக் கொடுக்கப்படுவதே வழமை. சட்டத்தின் வாரிசு அட்டவணையோ ஆண்மக்களுக்கு முன்னுரிமை வழங்கியிருந்தது. அது 2022ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. இவ்வாறான முரண்பாட்டினால், குடியிருப்பவர் ஒருவராகவும் பத்திரத்தில் உள்ளவர் வேறொருவராகவும் இருந்தால் எந்த வங்கி கடன் கொடுக்கும்?

விதி மாறினால் வாசல் திறக்கும் என்பதற்கும் உதாரணமுண்டு. வட்டியை விலக்கி வாழ விரும்பிய எமது வர்த்தகர் பலர் நீண்டகாலம் வங்கிகளை விட்டு ஒதுங்கியே நின்றனர். 2005ஆம் ஆண்டில் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு இடமளிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் அமானா வங்கி செயற்படத் தொடங்கியது. ஆனால் இலாபப் பங்கீட்டு முறையானாலும் பிணைக்குக் கேட்கப்படுவது காணி உறுதியே.

வர்த்தகத்தின் இலகுத்தன்மையை அளப்பதாகக் கூறிய உலக வங்கியின் அறிக்கையில் 2020ஆம் ஆண்டு இலங்கை 190 நாடுகளுள் 99ஆவது இடத்தைப் பெற்றது. ஒப்பந்த வழக்கொன்று முடிவதற்கு 1,318 நாட்கள் செல்லும் என அது கணக்கிட்டது. அது கொழும்பை மாத்திரமே அளந்த கணக்கு. தரவு முறைகேடுகள் வெளிவந்ததால் 2021ஆம் ஆண்டு அவ்வறிக்கையே கைவிடப்பட்டது. பாலமுனை அதில் ஒருபோதும் இடம்பெற்றதில்லை.

அதே 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. வரி அதிகமென்றால் வியாபாரி அதனைக் கணக்கிற் சேர்த்துக்கொள்வார். நாளை எந்த விதி இருக்கும் என்பதே தெரியாவிட்டால் அவரால் கணக்கிடவே முடியாது. உரக்கடன் கொப்பியின் அந்த ஒரு வரி தங்கியிருந்தது அடுத்த அறுவடையிலல்லவா?

1988ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான மத்தியஸ்த சபைகளை இவ்விடத்தில் நாம் பாராட்டியாக வேண்டும். சட்டத்தரணியின்றி, பெரும் செலவின்றி, எமது மொழியிலேயே சிறு கடன் பிணக்குகளை அவை தீர்த்து வைக்கின்றன. ஆனால் அங்கு எட்டப்படுவது இணக்கம். ஒரு தரப்பு இணங்காவிட்டால் சபை வழங்குவது இணக்கமின்மைச் சான்றிதழ் மாத்திரமே. அதனைக் கையிலெடுத்துக்கொண்டு கடன் கொடுத்தவர் நீதிமன்றப் படியேற வேண்டும். அங்கு தவணைகள் நீளாதிருக்க நீதிபதிகளின் எண்ணிக்கையும், காணிச் சம்மதம் தாமதியாதிருக்கப் பிரதேச செயலகங்களில் காணி உத்தியோகத்தர்களின் எண்ணிக்கையும் கூட்டப்பட வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இக்கரையோரத்துக்கென எமது பிரதிநிதிகள் கட்டடம் கேட்பதற்கு முன்னர் இவற்றைக் கேட்பார்களா?