வானம் பார்த்த பூமியில் ஆங்கிலச் சொல் படிப்பு

அருஞ்சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்யும் வழக்கம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு ஆங்கிலப் பள்ளிகள் வருவதற்கு முன்பே பழகிய ஒன்று. தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியும் ஆத்திசூடியும் முடித்த பையன் நிகண்டுக்குப் போவான். 16ஆம் நூற்றாண்டில் மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டு விருத்தப் பாக்களால் ஆனது. ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் பாட்டாகவே நெஞ்சில் ஏறிவிடும். ஒன்றை மறந்தால் எதுகை எடுத்துக் கொடுக்கும். 1732-இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகளாக அமைந்தது. அதன் பொருள் பிரிவு ஒருபொருட் பன்மொழிகளின் தொகுப்பு. இன்று ப்ளஸ் டூ மாணவர் 'சினானிம்' என்று படிப்பதும் இதே வகைப் பாடந்தான்.

ஆங்கிலம் இந்தச் சீமைக்குள் நீதிமன்றக் கச்சேரி வழியாக வந்தது. ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த திருச்சுழியில் வழக்கும் பத்திரமும் மனுவும் எழுதத் தெரிந்தவருக்குப் பிழைப்பு இருந்தது. சுந்தரம் ஐயர் என்பவர் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கெழுதும் குமாஸ்தாவாகத் தொடங்கி, மனு எழுதுபவராகி, பிறகு சன்னது (உரிமம்) பெறாத வக்கீலாக அங்கே பேர் பெற்றார். குண்டாற்றங்கரையின் மழை பொய்த்த நிலத்தை நம்பியிருந்த குடும்பங்கள் இப்படிப்பட்ட வாழ்வைப் பார்த்துத்தான் பிள்ளைகளை ஆங்கிலப் படிப்புக்கு அனுப்பின. மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பும், 1854ஆம் ஆண்டு உட்ஸ் கல்வி அறிக்கையும், 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகமும் அந்தப் பாதையை உறுதிப்படுத்தியிருந்தன. பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வு அரசு உத்தியோகத்தின் வாசலாக இருந்தது.

சுந்தரம் ஐயரின் இரண்டாம் மகன் வேங்கடராமன் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். பிற்காலத்தில் உலகம் அறிந்த ரமண மகரிஷி இவர்தான். தொடக்கக் கல்வி திருச்சுழியில் முடிந்தது. அதற்கு மேல் படிக்கத் திண்டுக்கல்லுக்குப் போக வேண்டியிருந்தது. 1892-இல் தந்தை இறந்தபின் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கி, ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். ஊரைவிட்டு ஊர், உறவினர் வீட்டுத் திண்ணை, மிஷன் பள்ளி: அக்காலத்தில் ஆங்கிலம் படிக்கப் புறப்பட்ட இப்பகுதிப் பிள்ளைகள் பலருக்கும் இதுவே வழி.

அந்தக் காலத்து ஆங்கிலப் படிப்பு எப்படி நடந்தது என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே துல்லியமான சான்று இருக்கிறது. 1896 ஆகஸ்ட் 29 அன்று, பாடம் ஒழுங்காகப் படிக்காததற்குத் தண்டனையாக, பெயின் இலக்கணத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதி வரும்படி ஆசிரியர் பணித்திருந்தார். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெயின் எழுதிய நூல் அது. வேங்கடராமன் இரண்டு முறை எழுதினார். மூன்றாம் முறை எழுதப் போகையில் அதன் பயனின்மை மனத்தில் தைக்க, தாள்களை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். அண்ணனின் கல்லூரிக் கட்டணமான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, தமிழில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, அன்றே திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார்.

ஆன்மிக வரலாற்றில் இது பெரிய நாள். கல்வி வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு. பதினாறு வயது மாணவனுக்கு மொழி கற்பிக்கும் வழியாக 'மூன்று தடவை எழுது' என்பதே இருந்தது. அக்கால ஆங்கில இலக்கண நூல்களில் முன்னொட்டு, பின்னொட்டு, லத்தீன் வேர்ச்சொல் ஆகியவை பற்றிய சொல்லாக்கப் பகுதி உண்டு. 'பார்' என்று பொருள்படும் 'ஸ்பெக்ட்' என்ற ஒரு வேரைப் பிடித்தால் இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், ப்ராஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர் என்று ஒரு கொத்தே கைக்கு வரும். சொல்வளத்துக்கு இதைவிட நல்ல வழி அரிது. ஆனால் திரும்பத் திரும்பப் படியெடுக்கும் பழக்கத்தில் இந்தப் பயன் பெரும்பாலும் கரைந்துபோயிற்று.

1911 முதல் எஸ்.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வு நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையில் உள்ளூர்ச் சமூகங்கள் தாமே பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கியிருந்தன. அருகிலுள்ள விருதுநகரில் நாடார் வணிகர்களின் மகமைப் பணமும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் சத்திரிய வித்யாசாலையை நடத்தின. காமராஜர் படித்த பள்ளி அது. அருப்புக்கோட்டையிலும் நாடார், தேவாங்கர், சாலியர் சமூகங்கள் பள்ளிகளை உருவாக்கின. தறியோசை கேட்கும் தெருவிலிருந்தும் பருத்திக் கமிஷன் கடையிலிருந்தும் பிள்ளைகள் நடந்து போய்வரும் தொலைவுக்கு ஆங்கிலம் வந்துசேர்ந்தது இவற்றால்தான். இந்தச் சாதனைக்கு வரலாற்றில் தகுந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை.

1930-களின் பிற்பகுதியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பாடமொழி படிப்படியாகத் தமிழாயிற்று. நியாயமான, அவசியமான மாற்றம் அது. ஆனால் சொல் படிப்பைப் பொறுத்தவரை ஒரு விளைவு நேர்ந்தது. முன்பு வரலாறு, பூகோளம், கணக்கு எல்லாமே ஆங்கிலத்தில் நடந்ததால் கடினமான சொற்கள் பயன்பாட்டோடு வந்தன. பிறகு ஆங்கிலம் ஒரு 'பீரியட்' மட்டுமே ஆயிற்று. கல்லூரியிலோ பாடமொழி ஆங்கிலமாகவே நீடித்தது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே விழுந்த இந்தப் பள்ளத்தை நிரப்ப அகராதியும் நோட்ஸும் வந்தன. 1929-இல் தொடங்கிய லிப்கோ நிறுவனத்தின் ஆங்கிலம்-தமிழ் அகராதி நடுத்தர வீடுகளில் நிலையாக இடம் பிடித்தது. 1935-இல் வெளியான ரென் அண்டு மார்ட்டின் இலக்கணம் ஆசிரியர்களின் கைநூலாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960-களில் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது.

எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்ற கேள்விக்கு டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் விடை தேடினார். வங்காளச் சிறுவர்களின் வாசிப்பைக் கவனித்து உருவான அவரது முயற்சிகள், 1953-இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைக் கொண்ட பட்டியலாக நூல்வடிவம் பெற்றன. சென்னை மாநிலத்தில் இதே காலத்தில் சொல்லையும் வாக்கிய அமைப்பையும் அளந்து, படிப்படியாகக் கொடுக்கும் பாடத்திட்டம் வந்தது. அதற்காக ஏறத்தாழ 27,000 தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தர, பயிற்சி பெற்றவரே அடுத்தவருக்குப் பயிற்றுவிக்கும் 'மெட்ராஸ் ஸ்நோபால்' என்ற இயக்கம் நடந்தது. அடித்தளச் சொற்களுக்கு இத்தனை உழைப்பு கிடைத்தது. மேல்வகுப்புச் சொற்களுக்கு இதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பாக இருந்த படிப்பு பள்ளிக்குள் வந்தது. முதல் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. கல்லூரிச் சொற்களும் கூடவே வந்தன. மாணவரின் நோட்டில் நடுவே ஒரு கோடு: இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். 'ரிலக்டன்ட்' என்றால் 'மனமில்லாத' என்று ஒப்பிக்கும் மாணவர், அதை அடுத்து 'டு' சேர்த்து வினைச்சொல் வர வேண்டும் என்பதை அறியாமல் வாக்கியத்தில் தடுமாறுவார். நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி ஒதுக்கி முழு வாக்கியம் எழுதினால் தீரும் குறை இது. இப்பகுதி அடங்கிய விருதுநகர் மாவட்டம் ப்ளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் இருந்தது. இடைவிடாத தேர்வுப் பயிற்சியால் வந்த அந்தப் பெருமை மறுக்க முடியாதது. ஆனால் தேர்ச்சிக்குப் போதுமான சொல் கல்லூரிக்குப் போதுமானதாக இருக்கவில்லை.

2019 மார்ச் தேர்விலிருந்து ஆங்கிலத்தின் இரண்டு தாள்கள் ஒன்றாயின. எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்ணில் 20 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு உரியது. அவற்றில் முதல் மூன்று ஒரே பொருள் தரும் சொற்கள், அடுத்த மூன்று எதிர்ச்சொற்கள். தேர்வைத் தாண்டிக் கல்லூரிக்கு எந்தச் சொற்கள் வேண்டும் என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் சொற்களை ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் 570 சொற்குடும்பங்களாகத் தொகுத்தார். வெஸ்ட்டின் 2,000 சொற்களுக்கு அப்பாற்பட்ட அந்தப் பட்டியல், கல்விசார் ஆங்கில நூல்களில் வரும் மொத்தச் சொற்களில் சுமார் பத்தில் ஒரு பங்கை அடக்குகிறது. திருச்சுழி, அருப்புக்கோட்டை பள்ளிகளின் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வகுப்புகளில் வாரத்துக்கு ஆறு குடும்பம் என்று வாக்கியங்களோடு படிப்பித்தால், இரண்டு ஆண்டில் பெரும்பகுதியை முடித்துவிடலாம். இப்பகுதி ஆங்கில ஆசிரியர்கள் அதைச் செய்து பார்க்க வேண்டும்.