பம்பாயில் வாடகைக் குடியும் பகடிப் பணமும்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தோர்க்கு வேலைக்கு அடுத்த கவலை வீடு. தாராவியிலும் மாதுங்காவிலும் குடியேறிய தமிழ் மக்கள் இதனை நன்கறிவர். வாடகை அளவு கடவாமலும், வாடகையைச் சாக்கிட்டு வேறு பணம் பறிக்கப்படாமலும் காப்பதற்கு, இன்று மும்பை எனப்படும் பம்பாய் நகரம் நூறாண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கிறது. அம்முயற்சி எங்கே வென்றது, எங்கே சறுக்கியது என்பதைச் சிறிது நோக்குவோம்.

பஞ்சாலைகள் பெருகப் பெருக, நகரில் ‘சால்’ எனப்படும் அடுக்குக் குடியிருப்புகளும் பெருகின. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. 1896-இல் கொள்ளைநோய் பரவிய பின், நெருக்கத்தைக் குறைக்க 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைக்கப்பட்டது. எனினும் முதல் உலகப் போரின்போது விலைவாசியோடு வாடகையும் ஏறிற்று. ஆதலின் 1918-இல் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் பம்பாயில் பிறந்தது.

இரண்டாம் உலகப் போர் அதே நெருக்கடியை மீண்டும் கொணர்ந்தது. அதன் பின்னர் வந்ததே 1947-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பம்பாய் வாடகைச் சட்டம். 1940 செப்டம்பர் 1-ஆம் நாள் ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ, பொதுவாக அதுவே அதன் நிர்ணய வாடகை ஆயிற்று. அதனைத் தவறாது செலுத்தும் குடித்தனக்காரரைச் சட்டம் கூறும் காரணமின்றி வெளியேற்ற இயலாது. வாடகைக்கு மேல் முன்பணமாகவோ வெகுமதியாகவோ வாங்குவது குற்றம். குடிநீர், விளக்கு முதலிய வசதிகளைத் துண்டித்துத் தொல்லை தருவதற்கும் தடை விதிக்கப்பட்டது. இச்சட்டத்தின் நிழலில் எத்தனையோ எளிய குடும்பங்கள் அச்சமின்றி வாழ்ந்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆயினும், ஆண்டுகள் பல சென்றும் வாடகை 1940-ஐ ஒட்டியே நின்றது. செங்கல், சுண்ணாம்பு, கூலி ஆகியவற்றின் விலையோ நில்லாது ஏறிற்று. வரும்படி போதாமையால் உரிமையாளர் பழுதுபார்ப்பைக் கைவிட்டனர். பழங்கட்டடங்கள் சரியத் தலைப்பட்டன. இறுதியில் அரசே பழுதுபார்ப்பு வாரியம் ஒன்றை 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைத்து, அதற்கெனத் தனி வரியும் விதிக்க நேர்ந்தது.

சட்டம் தடுத்த பணம் வேறு வாயில் வழியே நுழைந்தது. அதன் பெயர் ‘பகடி’. தமிழில் அச்சொல் கேலியைக் குறிக்கும். மராத்தியில் தலைப்பாகையைக் குறிக்கும். புதிதாகக் குடிவருவோர் பெருந்தொகை ஒன்றை இரசீதின்றிக் கொடுப்பர். வெளியேறும் குடித்தனக்காரரும் வீட்டுக்காரரும் அதனைப் பங்கிட்டுக் கொள்வர். சட்டம் வீட்டினுள் இருந்தவரைக் காத்தது. மூட்டையுடன் வாயிலில் நின்றவரைக் காக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்து, கையில் சேமிப்பற்றவருக்கே அச்சுமை மிகுதி.

வேறு சில உரிமையாளர், ‘இது வாடகையன்று, தங்கிச் செல்லும் அனுமதி மட்டுமே’ என்று எழுதி வாங்கிச் சட்டத்தின் கைக்கு எட்டாது நின்றனர். 1973 பிப்ரவரி 1-ஆம் நாள் அவ்வாறு நடப்பிலிருந்த அனுமதியின் பேரில் குடியிருந்தோரைச் சட்டத் திருத்தம் ஒன்று குடித்தனக்காரராகவே ஏற்றது. அதன் பின்னர், வீட்டைப் பூட்டி வைத்தாலும் வைப்போம், பிறருக்கு விடோம் என்று அஞ்சியவரும் உண்டு.

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பழைய வாடகையிலேயே உறைந்து நிற்கும் விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவை ஆகிவிட்டன என்று கூறிற்று. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31-இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் நூற்றுக்கு 4 வீதம் வாடகையை உயர்த்தலாம் என்றும், ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் அது விதித்தது. பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால், நிபந்தனைகளைப் பற்றிக் குடித்தனக்காரர் கூறுவதே, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, செல்லும். தவணை முடிந்தும் வெளியேறாத அனுமதிதாரர் இருமடங்குத் தொகை செலுத்த வேண்டும். ஒளிந்து நடந்த பகடியும் சட்டத்தின் வெளிச்சத்துக்குக் கொணரப்பட்டது.

2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. மாநிலங்கள் தத்தம் சட்டமாக இயற்றிக் கொண்டாலன்றி அது செல்லாது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? விலையை மட்டும் கட்டிப்போட்டால் அநீதி மறைவிடம் தேடும். கணக்கு வெளிப்படையாயின் அதற்கு ஒளிய இடமிராது. பதிவு செய்த ஒப்பந்தம், கொடுக்கும் ஒவ்வொரு காசுக்கும் இரசீது, இவை இரண்டையும் தயங்காது கேட்டுப் பெறுவோமாக. வீட்டை வாடகைக்கு விடும் நிலைக்கு உயர்ந்த நம்மவரும் அவற்றைக் கேளாமலே கொடுப்பாராக.