இசைத்தட்டின் வழக்கும் நாம் தேரும் கருவியும்



ஏலூரில் உரத்தொழிற்சாலை 1947-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர்க் களமசேரியைச் சுற்றி ஆலைகள் பல எழுந்தன. மட்டாஞ்சேரிக் கடைவீதியிலும் இவ்வாலைப் புறங்களிலும் பிழைப்பை நாடி வந்து தங்கிய தமிழர் நாம். ஊரை விட்டுப் பிரிந்தவனுக்கு ஊரின் குரலாய் நிற்பது இசைத்தட்டு. ஆனால், அதனைச் சுழற்றும் கருவி இல்லையேல் அத்தட்டு ஊமையே. ஆதலின், கருவியைத் தேர்வதும் நம் செல்வத்தைக் காப்பதேயாகும். எப்படித் தேர்வது என்பதை வரலாறே நமக்குக் கற்பிக்கிறது.

நம் பாட்டனார் காலத்துத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்றது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். எனினும், கொலம்பியாவாயினும் ஓடியனாயினும் எச்.எம்.வி.யாயினும் ஒரே கிராமபோன் போதும். 1948-இல் நெடுநேரத் தட்டும், 1958 வாக்கில் இருதட ஸ்டீரியோத் தட்டும் வந்தன. அடுத்து, 1970-களில் நான்கு தடத் தட்டுகளை மேலைநாட்டார் வெளியிட்டனர். ஆயின், ஒரு நிறுவனத்தின் முறை மற்றொன்றோடு பொருந்தவில்லை. எதை வாங்குவதெனத் தெரியாது மக்கள் மயங்கினர்; சில ஆண்டுகளிலேயே அம்முயற்சி மங்கிற்று.

1982-ஆம் ஆண்டு நினைவிற்கொள்ளத் தக்கது. களமசேரிக்கு அண்மையிலுள்ள காக்கநாட்டு நவோதயா நிறுவனத்தார் ‘படயோட்டம்’ என்னும் 70 மி.மீ. படத்தை அவ்வாண்டில் வெளியிட்டனர். அத்தகைய படச்சுருளில் காந்தப்பூச்சில் ஆறு ஒலித்தடங்கள் அமைவதுண்டு. திரையிலிருந்தும் அரங்கின் புறங்களிலிருந்தும் ஒலி நம்மைச் சூழும். அதே ஆண்டில் ஜப்பானில் சி.டி. விற்பனைக்கு வந்தது. சோனியும் பிலிப்ஸும் ஒரே அளவுமுறைக்கு உடன்பட்டமையால் அஃது உலகெங்கும் பரவிற்று. ஆனால் அதில் இருதடமே உண்டு. அரங்கின் ஆறு தடங்களும் இல்லத்திற்கு வர மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1999-இல் எஸ்.ஏ.சி.டி.யும் 2000-இல் டி.வி.டி. ஆடியோவும் தோன்றின. ஐந்து ஒலிபெருக்கிகளுக்கு ஐந்து தடமும், ஆழ்ந்த தாழ்சுரங்களுக்கு ஒன்றுமாக ஆறு தடங்களை இரண்டும் தாங்கின, நுட்பத்தில் சி.டி.யை விஞ்சின. ஆயினும் பழைய பூசல் மீண்டும் தலைதூக்கிற்று. ஒன்றின் கருவி மற்றதன் உயர்பதிவைப் படிக்க மறுத்தது. பின்னர், இரண்டையும் படிக்கும் கருவிகள் வந்தன. 2003-இல் வெளிவந்த பயனியரின் டி.வி. 563-ஏ அத்தகைய கருவியை நடுத்தர விலைக்குக் கொணர்ந்தது. பலர் போற்றிய ஓப்போ டிஜிட்டல் நிறுவனமோ 2018-இல் புதிய கருவிகளைச் செய்வதை நிறுத்திக்கொண்டது. ஆகவே, இன்று பழைய கருவிகளையும் நாம் நாட வேண்டியிருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளும் நெறிகள் சில. முதலாவது, இருவகைத் தட்டையும் படிக்கும் கருவியையே நாடுவோம். கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாது, நம் தட்டைக் கொண்டுபோய் ஆறு தடங்களும் ஒலிப்பதைக் கேட்டுப் பார்ப்போம். இரண்டாவது, இணைப்பைக் கவனிப்போம். எஸ்.ஏ.சி.டி.யின் ஆறு தடங்களும் சாதாரண ஆப்டிகல் வடத்தின் வழியே வாரா. பழைய கருவியாயின் ஆறு தனிவடங்கள் வேண்டும். அவற்றை ஏற்கும் துளைகள் நம் ஆம்ப்ளிஃபயரிலும் இருத்தல் வேண்டும். 2005-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.2 முறை அவற்றை ஒரே வடத்தில் அனுப்ப வழி செய்தது. ஆயினும் இருபுறக் கருவிகளும் அதற்கு இசைய வேண்டும். மூன்றாவது, பழைய கருவியில் முதலில் தளர்வது தட்டைப் படிக்கும் லேசர்க் கண். தட்டைப் பலமுறை தேடித் தயங்கும் கருவியை விலை மலிவென்று கொள்ளலாகாது.

இல்லத்தில் இரண்டே ஒலிபெருக்கிகள் உடையோர் வீண்செலவு செய்யற்க. இரட்டை அடுக்கு எஸ்.ஏ.சி.டி. தட்டின் ஓர் அடுக்கு எளிய சி.டி. கருவியிலும் பாடும். அந்தப் பொது அடுக்கே அத்தட்டுக்கு நீண்ட ஆயுளைத் தருகிறது.

தனிவழி சென்ற நுட்பங்கள் உயர்ந்தவையாயினும் தனித்தே மறைந்தன. பிறரோடு பொருந்தியவை தலைமுறை கடந்தன. நாம் வாங்கும் கருவியின் சிறப்பு அதன் பெயரிலும் பளபளப்பிலும் இல்லை. நாளை நம் பிள்ளைகள் ஒரு தட்டை எடுத்து வைக்கும்போது, நம் ஊர்க்குரல் அதிலிருந்து எழ வேண்டும். அதுவே அதன் சிறப்பு.