திருவனந்தபுரம் கடற்கரையின் செயற்கைப் பார்கள்

மீன் தங்கவும் இரை தேடவும் இனம் பெருக்கவும் மனிதர் கடலடியில் அமைக்கும் திட்டு செயற்கைப் பார் எனப்படும். கடலுக்குள் இயற்கையாக உள்ள பாறைத் திட்டைப் பார் என்பது தென்கோடி மீனவர் வழக்கு. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே. கேரளத்தில் வர்க்கலையிலிருந்து தமிழக எல்லையை ஒட்டிய பொழியூர் வரை நீளும் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை, மீனவர்கள் தாங்களாகவே பார் அமைத்த இடம் என்ற வகையில் தனிக் கவனம் பெறுகிறது.

கடலின் இயல்பு

ஆலப்புழைப் பக்கம் மழைக்காலத்தில் தோன்றும் சாகரை என்னும் சேற்றுத் திட்டின் கொடை இந்தக் கரைக்கு இல்லை. கரையை விட்டுச் சற்று விலகியதுமே ஆழம் கூடிவிடும். அலையும் கடுமையானது. விழிஞ்ஞம், கோவளம் போன்ற பாறை முனைகளை விட்டால் பெரும்பகுதி மணல் தரை. இத்தகைய கடலில் கட்டுமரமும் தூண்டிலும் நெடுங்காலம் முக்கியத் தொழில் கருவிகள். கலவா, விளைமீன், செப்பிலி, கணவாய் ஆகியவை தூண்டிலுக்கு அகப்படுவது பெரும்பாலும் பாரை அண்டித்தான். ஆகவே பார் எங்கே இருக்கிறது என்ற அறிவே இங்கு மீனவரின் முதலீடாக இருந்தது.

அந்த அறிவுக்குக் கணிச்சம் என்று பெயர். கட்டுமரத்தில் நின்றபடி கரையைப் பார்த்து, தேவாலயக் கோபுரமும் அதன் பின்னே தெரியும் மலைமுகடும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை துடுப்பு போடுவார்கள். பிறகு வேறொரு திசையில் இன்னோர் இணை அடையாளம் பிடிப்பார்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே பாரின் இருப்பிடம். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, அது மணலில் புதைகிறதா, பாறையில் தட்டுகிறதா என்று கை உணர்வால் உறுதி செய்வார்கள். தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் இந்த அடையாளங்களை அடுத்த மரத்துக்காரருக்கும் சொல்வதில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி வந்தபின் இந்த மறைபொருள் சில எண்களாகச் சுருங்கிப்போனது.

தோற்றமும் முன்வரலாறும்

நீரில் மறைவிடம் அமைத்து மீன் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் தனித்தனியே தோன்றியது. ஜப்பானில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, மூழ்கிய கப்பலைச் சுற்றி மீன் மிகுந்ததைக் கண்ட மீனவர்கள் மரச்சட்டங்கள் செய்து கடலில் இறக்கியதாகக் குறிப்புகள் உள்ளன. அமெரிக்காவின் தென் கரோலினாவில் மரக்கட்டைகளைக் குடில்போல் அடுக்கிக் கடலடியில் அமிழ்த்தி மீன் பிடித்ததை வில்லியம் எலியட் 1846இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

உப்பங்கழிகளில் இதன் எளிய வடிவம் காணப்படுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் கிளைகளை நட்டு அமைக்கும் அகாட்ஜா, இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கண்டல் கிளைகளால் அமைக்கும் மஸ் அத்து, கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் போடப்படும் படல் ஆகிய மூன்றும் ஒரே நுட்பத்தின் வேறு வேறு வடிவங்கள். கிளையில் பாசி படியும், பாசிக்குச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். சில வாரம் கழித்து வலையால் வளைத்துக் கிளைகளை அகற்றி மீனை அள்ளுவார்கள்.

திருவனந்தபுரத்துக் கடலில் வலியதுறைப் பாலத்தையும் இந்த வரிசையில் வைக்கலாம். 1825இல் சரக்கு ஏற்றி இறக்க அமைந்த பாலம் 1947இல் கப்பல் மோதி உடைந்து, 1956இல் மீண்டும் கட்டப்பட்டது. சிப்பி அப்பிய அதன் தூண்களைச் சுற்றி மீன் கூடுவது கரையிலிருந்தே காணக்கூடிய பாடம்.

வகைகள்

செயற்கைப் பார்களைப் பொருளாலும் நிலையாலும் நோக்கத்தாலும் வகைப்படுத்துவர்.

பொருள்வகையில் மக்கும் பார், மக்காப் பார் என இரண்டு. தென்னந்தூர், மரக்கிளை, ஓலை ஆகியவை மக்குபவை. இவை விரைவில் மீனை ஈர்த்து, சில பருவங்களில் கரைந்துவிடும். கருங்கல், கிணற்று உறை, கான்கிரீட் வார்ப்புகள் மக்காதவை. கல் நிரப்பிய பழைய டயர்கள் ஒரு காலத்தில் உலகெங்கும் விரும்பப்பட்டன. 1972இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஏறத்தாழ 20 லட்சம் டயர்களைக் கட்டி இறக்கிய ஆஸ்போர்ன் பார் அந்த விருப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கட்டுக் கம்பிகள் துருப்பிடித்து அறுந்து, டயர்கள் உருண்டு அருகிலிருந்த இயற்கைப் பவளத்தை நொறுக்கின. அவற்றை வெளியே எடுக்கப் பின்னாளில் ராணுவ முக்குளிப்பாளர்களை இறக்க வேண்டியதாயிற்று.

நிலைவகையில், தரையில் நிற்பது பார். மிதவையில் கட்டித் தொங்கவிடுவது மீன்கூட்டி. கணவாய் முட்டையிட இடம் தேடும் பருவத்தில், தென்னங்குலையின் காய்ந்த காம்புகளை மணல் நிரப்பிய பிளாஸ்டிக் மூட்டையோடு கட்டி இறக்கும் முறை மீன்கூட்டியின் அண்மைக்கால நீட்சி. முட்டையிட வரும் தாய்க்கணவாயையே பிடிப்பதாலும் பிளாஸ்டிக் குப்பையைக் கடலில் சேர்ப்பதாலும் இதைப் பார் என்ற மதிப்பில் வைப்பதற்கில்லை.

நோக்கவகையில், மீன்பிடிக்கான பார், வாழிடம் மீட்கும் பார், கரையைக் காக்கும் பார் என மூன்று. தூத்துக்குடிக்கு அருகே அரிப்பினால் சுருங்கிவந்த வான் தீவைச் சுற்றி இறக்கிய கான்கிரீட் வார்ப்புகள் மூன்றாம் வகைக்குத் தமிழக எடுத்துக்காட்டு.

செயல்படும் விதம்

மணல் தரையில் ஒட்டி வாழும் உயிர்களுக்குப் பிடிமானம் இல்லை. கெட்டியான பரப்பு கிடைத்ததும் முதலில் நுண்பாசியும், பின் கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு ஆகியவையும் குடியேறுகின்றன. இடுக்குகளில் குஞ்சுகள் ஒளிகின்றன. நீரோட்டம் பாரில் மோதி மேலெழும்போது அடியிலுள்ள சத்தும் மேலே வருகிறது. பார் மீனைப் பெருக்குகிறதா, சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் கூட்டுகிறதா என்று கேட்பவர்கள் உண்டு. தொடக்க மாதங்களில் நடப்பது பெரும்பாலும் கூட்டல், குடியேற்றம் முதிர்ந்தபின் பெருக்கமும் நடக்கக்கூடும் என்பர்; ஆனால் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

பார் இறக்குவதை, நீரிலிருந்து எடுத்த வளத்தை நீருக்கே திருப்பும் முயற்சியாகவும் பார்க்கலாம். அந்த முயற்சிக்கு உலகில் வேறு வடிவமும் உண்டு. பசிபிக் சால்மன் கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி, முட்டையிட்டு மடிவது. அதன் உடலோடு கடலின் நைட்ரஜனும் பாஸ்பரசும் மலை ஓடைகளைச் சேர்கின்றன. கரையோர மரங்களில்கூடக் கடல்வழி வந்த நைட்ரஜனை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அணைகளாலும் மிகைப்பிடிப்பாலும் சால்மன் வரத்து குறைந்தபோது அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் பொரிப்பகங்களில் மிஞ்சிய சால்மன் உடல்களைத் தன்னார்வலர்கள் ஓடைகளில் வீசத் தொடங்கினர். தானாக வந்து மடிந்த மீன் என்று கணக்கெடுப்பாளர் எண்ணிவிடாதிருக்க வாலை நறுக்கிவிட்டு வீசுவதும், நோய் பரவாதிருக்க ஒரு படுகையின் மீனை இன்னொன்றில் போடாதிருப்பதும் அங்கே நடைமுறை.

கேரளக் கரையில் வளம் எதிர்த்திசையில் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபார்க் கரையின் ஆலைகளில் மத்தி மீன் எண்ணெயாகவும் உரமாகவும் மாறியது. மீன் உரம் தோட்டப்பயிர்களுக்குப் போயிற்று. தென்னைக்கு மத்தியை எருவாக இடுவது ஊர் வழக்கம். பட்ட தென்னையின் தூரைக் கடலில் இறக்கிய மீனவர், வாங்கிய கடனில் ஒரு பங்கைத் திருப்பினர் எனலாம்.

மக்கள் அமைத்த பார்கள்

1953இல் கொல்லம் நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டமும், அதைத் தொடர்ந்த இறால் ஏற்றுமதியும் இழுவைமடிப் படகுகளைப் பெருக்கின. கடலடியை வாரிச் செல்லும் மடி, பாரையும் விட்டுவைக்கவில்லை. 1980இல் கேரளக் கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1984இல் மீனவர் போராட்டம் மாநிலத்தைக் குலுக்கியது. 1988இல் மழைக்கால இழுவைமடித் தடை தொடங்கியது. சட்டமும் போராட்டமும் ஒருபுறமிருக்க, திருவனந்தபுரத்து மீனவர்கள் ஊர் சேர்ந்து, பணம் திரட்டி, செயற்கைப் பார் இறக்கினர். மீனுக்கு வீடு, இழுவைமடிக்குத் தடை என இரு பயன்கள் அதில் இருந்தன. பார் கிடக்கும் இடத்தில் மடியை இழுத்தால் மடி கிழியும்.

திருவனந்தபுரத்தில் இயங்கிய சமூக அமைப்புத் திட்டம் என்ற தொண்டு நிறுவனத்தின் மீன்வள ஆய்வுப் பிரிவு இந்த முயற்சிகளுக்குத் துணைநின்றது. அங்குள்ள ஆய்வாளர்கள் கேரளத்தின் செயற்கைப் பார்களிலும் இயற்கைப் பார்களிலும் கிடைத்த மீனளவையும் இனங்களையும் ஒப்பிட்டு 1994இல் ஆய்விதழில் வெளியிட்டனர். வளர்ச்சி ஆய்வு மையத்தின் பொருளியலாளர் ஜான் குரியன், பொதுச்சொத்தை மீட்கும் கூட்டுச் செயலாக இதை 1995இல் ஆராய்ந்தார். பாரை இறக்க உழைத்தவர் ஓர் ஊரார், தூண்டில் போட வருபவர் எவரும் என்பதே அதன் தீராச் சிக்கல்.

அரசுத் திட்டம்

பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 மீனவக் கிராமங்களுக்கு, ஊருக்கு 150 வீதம் 6300 கான்கிரீட் அமைப்புகள் ஒதுக்கப்பட்டன; மதிப்பீடு 13.02 கோடி ரூபாய். முக்கோணம், பூ, வளையம் என மூன்று வடிவங்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நுட்பம் வழங்க, கேரளக் கடலோரப் பகுதி வளர்ச்சிக் கழகம் பணியை ஏற்றது. 2024 தொடக்கத்தில் விழிஞ்ஞத்தில் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

இன்று மாவட்டக் கடலில் பழைய மக்கள் பார்களும் புதிய அரசுப் பார்களும் அருகருகே கிடக்கின்றன. பார்களோடு, 1988இல் தொடங்கிய மழைக்கால இழுவைமடித் தடையும் தொடர்கிறது; அது ஆண்டுக்கு 52 நாட்கள்.