நந்தவனம் காத்த கைகள்

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிலின் கருங்கல் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு காணப்படுகின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டினது, மற்றொன்று 921-ஆம் ஆண்டினது. குடவோலை முறையால் ஊராட்சி நடந்த வரலாற்றைச் சொல்பவையாதலால் சரித்திர ஆசிரியர்களும் மேடைப் பிரசங்கிகளும் அவற்றை ஓயாமல் எடுத்தாளுகிறார்கள். ஆயினும், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, சிறு பிள்ளை ஒருவனைக் கொண்டு எடுப்பித்த அத்தனை சிரத்தையும் எந்தக் காரியங்களை நடத்துவதற்காக என்று நின்று விசாரிப்போர் குறைவு. குடும்பு எனப்பட்ட ஊர்ப் பிரிவுகள் முப்பதிலிருந்தும் குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த முப்பது பேரில், பன்னிருவர் சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டுக் குழுவுக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், எஞ்சிய அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியவராயினர். அந்த முப்பதில் ஐந்தில் இரண்டு பங்கினரைத் தோட்டங்களுக்கென்றே ஒதுக்கிய ஊர் அது. இன்னும் விசேஷம், சம்வத்சர வாரியத்துக்கு நேராக ஏறிவிட வழியில்லை என்பது. முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களாய், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களாய் இருப்போரையே அதற்குக் கொள்ள வேண்டும் என்று சாசனம் விதிக்கிறது. ஊரின் மரத்தையும் நீரையும் ஓராண்டு காத்துப் பழகியவனே ஊரைக் காக்கத் தக்கவன் என்று கருதிய அந்தச் சபையாரின் விவேகத்தை எண்ணுந்தோறும் எனக்கு மதிப்பு மேலிடுகிறது.

அதே சமயம், உண்மையை மறைத்துப் பெருமை பேசுவதும் தகாது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது அந்தணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதும், வேதக் கல்வியும் உடைய ஆடவருக்கே அங்கே வாரியத்தில் இடம் உண்டு. அவர்கள் மேற்பார்த்த தோட்டங்களில் மண்வெட்டி பிடித்துக் குனிந்தவர்களின் பெயர் அந்தக் கல்லில் இல்லை. ஊர்ப் பொதுவான தோட்டத்தைத் தன் கையாலேயே, கூலி கருதாமல் பேணியவர்களைத் தேட வேண்டுமானால், சபையின் சாசனத்தை விட்டு அடியார்களின் வரலாற்றுக்குத்தான் செல்ல வேண்டும்.

சோழ நாட்டுப் பழைய துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்திலேயே சோலைகள் பல இருந்தன. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை அவற்றுள் ஐந்தைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. ஆனால் அவற்றுள் இலவந்திகை அரசனுக்கும் அவன் பரிவாரத்துக்கும் உரியது. உய்யானமோ தேவர்களுக்கு உரியதென்று அஞ்சி மனிதர் நுழையாதது. அழகிய சோலை இருந்தது. அதைத் தன்னதென்று பாராட்டிக் களை பறிக்கும் குடிகள் இருந்தார்களா என்பதைக் காவியம் சொல்லவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் உழவாரம் என்னும் புல் செதுக்கும் கருவியைத் தோளில் சார்த்திக்கொண்டு புறப்பட்டபோது இந்தச் சரித்திரத்தில் ஒரு புதிய காலம் தொடங்கிற்று என்று கொள்ளலாம். அவருக்கு முன்பே, அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் விடியுமுன் எழுந்து, கோயில் முற்றத்தை அலகிட்டு, மெழுகிட்டு, மலர் கொய்து மாலை தொடுத்து வந்தார். சூலை நோயோடு தம்பி வந்து சேர்ந்து, அங்கே அது தீர்ந்தபின், தமக்கையின் தொண்டையே அவரும் மேற்கொண்டு, தலங்கள்தோறும் சென்று கோயில் வீதிகளிலும் பிராகாரங்களிலும் மண்டிய புல்லைச் செதுக்கினார். அரசனுடன் மாறுபட்டு நின்ற பெருமகனார், நாடு முழுதும் புகழ்ந்த பாவலர், ஒரு தோட்டக்காரனின் கருவியைத் தம் அடையாளமாகக் கொண்டார். இன்றும் சிலையில் அவரை அதைக் கொண்டே இனங்காண்கிறோம். திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் நவமணிகளும் வெளிப்பட, அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தில் வாரி அங்கிருந்த குளத்தில் எறிந்துவிட்டு மேலும் புல் செதுக்கினார் என்று சேக்கிழார் கூறுகிறார். இதில் துறவின் பெருமையைக் காண்போர் பலர்; எனக்கு அதனோடு வேலையின் மீது வேலைக்காரனுக்கு உள்ள பற்றும் தென்படுகிறது. தரையைச் சுத்தம் செய்ய வந்தவனுக்குத் தரையில் கிடப்பது கல்லாயினும் மணியாயினும் அகற்ற வேண்டியதே அல்லவா?

வைணவர்களிடத்திலும் இதே நெறி செழித்தது. பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துத் துளசியும் மலரும் வளர்த்தார். அந்தத் துளசிப் பாத்தியிலேதான் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டாள் என்பது மரபு. தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்தில் பூக்குடலையோடு திரிந்தவர். எனினும், இந்த வரிசையில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் திருமலை அனந்தாழ்வான்.

திருவரங்கத்தில் இராமானுசர் திருவாய்மொழிக்குப் பொருள் விரித்துக்கொண்டிருந்தபோது, திருவேங்கடத்துப் பெருமானுக்கு நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கரியம் செய்ய யார் போவார் என்று கேட்டாராம். மலையின் குளிரையும், காட்டின் தனிமையையும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆசாரியனைப் பிரிவதையும் எண்ணிக் கூட்டம் மௌனமாயிருக்க, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார். 'நீயே ஆண்பிள்ளை' என்று ஆசாரியன் தழுவிக்கொண்டார் என்பர். மனைவியோடு மலையேறிய அவர், தோட்டத்துக்கு முதலில் வேண்டியது நீர் என்பதை உணர்ந்து ஓர் ஏரி வெட்டத் தொடங்கினார். அவர் கடப்பாரையால் வெட்ட, கர்ப்பிணியான மனைவி மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டினாள். அவள் படும் பாட்டைக் கண்டு ஒரு சிறுவன் உதவ வந்தான். அனந்தாழ்வானோ தம் கைங்கரியத்தில் பிறர் பங்கு பெறுவதைப் பொறாமல் அவனை விரட்டினார். அவருக்குத் தெரியாமல் மறைவில் நின்று அவன் அவளுடைய கூடையை வாங்கிச் சுமந்ததை அறிந்து கடப்பாரையை வீசியெறிய, அது அவன் மோவாயில் பட்டது. பிறகு சந்நிதியில் பெருமானின் மோவாயில் இரத்தம் கசிவதைக் கண்டு பதறிப் பச்சைக் கற்பூரத்தை அப்பினார் என்று கதை முடிகிறது. அந்தக் கடப்பாரை திருமலைக் கோயிலின் மகாத்துவாரத்துச் சுவரில் இன்றும் தொங்குகிறது. ஆண்டுதோறும் பிரமோற்சவம் முடிந்த மறுநாள், பெருமான் அப்பிரதட்சிணமாக எழுந்தருளி அனந்தாழ்வானின் தோட்டத்துக்குச் செல்லும் உற்சவமும் நடைபெறுகிறது.

கதையின் அற்புதத்தை நம்புவோர் நம்பட்டும். அதில் உள்ள மானிட உண்மை எவருக்கும் பொதுவானது. பொதுக் காரியத்தை மேற்கொண்டவன் அதன் மீது கொள்ளும் அபிமானம் சில வேளைகளில் பிறர் உதவியையே தள்ளும் அளவுக்கு முற்றிவிடுவதையும், அவனுடைய புகழுக்கு அடியில் மண் சுமந்த ஒரு பெண்ணின் உழைப்பு இருப்பதையும் அது ஒளிக்காமல் சொல்கிறது. கடப்பாரை சுவரில் இடம் பெற்றது. அந்தக் கூடைக்கும் ஓர் இடம் தந்திருக்கலாம்.

நந்தவனத் தொண்டு எளிதன்று. கிணற்றிலிருந்து ஏற்றமிட்டோ கவலை ஓட்டியோ நீர் இறைத்து, வாய்க்கால் கோலி, பாத்திதோறும் பாய்ச்ச வேண்டும். நந்தியாவட்டை, அரளி, செண்பகம், இருவாட்சி, பவழமல்லி, மருக்கொழுந்து, வில்வம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பருவமும் பக்குவமும் உண்டு. வண்டு ஊதுமுன், வைகறையில், நீராடிய உடலோடு பறிக்க வேண்டும். திருப்புகலூர் முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ ஆகிய நால்வகையையும் வெவ்வேறு கூடைகளில் கொய்து, இண்டை, கண்ணி, பிணையல் முதலிய வகைவகையான மாலைகளாகத் தொடுத்ததைச் சேக்கிழார் விவரிக்கும் இடம், தோட்டக் கலையை உடனிருந்து பார்த்த ஒருவரின் எழுத்தாகவே எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய உழைப்பு அடியார் ஒருவரின் ஆயுளோடு முடிந்துவிடக் கூடாதென்று அரசரும் வணிகரும் ஊராரும் நிலம் எழுதி வைத்தார்கள். திருநந்தவனப்புறம் என்ற பெயரோடு அத்தகைய நிலங்கள் கோயிற் சாசனங்களில் நிரம்பக் காணப்படுகின்றன. அந்த ஏற்பாட்டால் பல தோட்டங்கள் தலைமுறைகள் வாழ்ந்தன. ஆனால் விருப்பத்தால் செய்தது வேதனத்துக்குச் செய்யும் ஊழியமாகி, பின்பு பரம்பரை உரிமையாயிற்று; நிலம் கைமாறிய இடங்களில் தோட்டம் வாடிற்று. 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டம் கோயில்களைக் கும்பினி சர்க்காரின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தது; 1863-இல் சர்க்கார் அப்பொறுப்பைக் கமிட்டிகளிடமும் தர்மகர்த்தாக்களிடமும் விட்டு விலகிற்று. இவ்விரு மாறுதல்களுக்கும் இடையில் சிக்கிய நந்தவனம் யாருடைய கவலையாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் சென்னையில் மகாஜனங்களுக்கென்றே ஒரு பூங்கா தோன்றியது. 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் முயற்சியால், இன்றைய சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே, 116 ஏக்கர் பரப்பில், பதினொரு குளங்களோடு பீப்பிள்ஸ் பார்க் அமைந்தது. நந்தவனத்தின் மதிலுக்கு வெளியே நின்றவர்களும் உரிமையோடு உலாவலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜனங்கள் அங்கே உலாவினார்களேயன்றி, அவர்கள் கை அங்கே மண்ணைத் தொடவில்லை. விக்டோரியா மண்டபமும், 1900-இல் மூர் மார்க்கெட்டும், 1913-இல் ரிப்பன் கட்டடமும், பின்னர் விளையாட்டரங்கமும் ஒன்றன்பின் ஒன்றாக அதன் நிலத்தை எடுத்துக்கொண்டன. ஒரு செடியையேனும் அங்கே நட்டு நீர் ஊற்றிய குடும்பங்கள் ஓராயிரம் இருந்திருந்தால் அந்தப் பூங்கா அவ்வளவு சுலபமாகக் கரைந்திராது என்பது என் திடமான அபிப்பிராயம்.

திருநாவுக்கரசரின் கருவியைப் பெயரில் தாங்கிய உழவாரப் பணி மன்றங்கள் இன்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடைபெறுகின்றன. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், குமாஸ்தாவும் ஆசிரியரும் கடைக்காரரும் மாணவரும் பெண்டிரும் கூடி, கோபுர இடுக்கில் வேரோடிய ஆலையும் அரசையும் களைந்து, பிராகாரத்து முட்புதரை வெட்டி, தூர்ந்த நந்தவனத்தில் மறுபடியும் பாத்தி கட்டுகிறார்கள். நகரங்களிலே, காலையில் நடைபயில வருவோர் சங்கமாகச் சேர்ந்து பேட்டைப் பூங்காவின் குப்பையை அகற்றுவதும் மரக்கன்று நடுவதும் அதே மரபின் கிளை என்றே நான் கொள்கிறேன். அங்கே மதிலும் இல்லை, குலமும் கேட்பதில்லை.

இவர்கள் எல்லோருக்கும் உள்ள இடர் ஒன்றே. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நூறு பேர் கூடி நட்டுவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் அந்தக் கன்றுகளுக்கு நாள்தோறும் நீர் ஊற்ற ஆள் வேண்டும். தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வகுத்துக்கொள்வதும், மண்வெட்டியும் குடமும் வைக்க ஒரு சிறு கொட்டகையும் திறந்தால் நீர் வரும் ஒரு குழாயும் நகராட்சியிடம் கேட்டுப் பெறுவதும், நடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய காரியங்கள். அனந்தாழ்வானும் செடியைத் தேடுமுன் ஏரியைத்தான் வெட்டினார்.